பதிவேட்டில் 0.5, கடைசிக் குழாயில் பூஜ்யம்: குடிநீர்ப் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிநீர்ப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களோடு களத்துக்குப் போகும்போதெல்லாம், வந்த புதிதில் நானும் என்னோடு இருந்தவர்களும் செய்த அதே பிழைகளைத் திரும்பப் பார்க்கிறேன். கருவிகள் மாறிவிட்டன, படிவங்கள் கைபேசிக்கு வந்துவிட்டன, பிழைகள் அப்படியே இருக்கின்றன. கையுறை போடாதது, புட்டியில் இடத்தின் பெயர் எழுதாதது, நேரம் குறிக்க மறப்பது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை இரண்டு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற நம்பிக்கையோடு செய்யப்படும் தவறுகள்தான் ஊரைப் படுக்கையில் தள்ளுகின்றன.

தொட்டியில் குளோரின் பார்த்துவிட்டு ஊர் முழுக்கச் சரி என்று எழுதுவது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நடப்பது இப்படி. காலையில் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுவார்கள். சிறிது நேரத்தில் தொட்டியடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருந்தால் நீரைச் சிவக்கவைக்கும் டி.பி.டி. மாத்திரையைப் போட்டுப் பார்ப்பார்கள். இளஞ்சிவப்பு வந்துவிட்டால் பதிவேட்டில் 0.5 (லிட்டருக்கு மில்லிகிராம்) என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தத் தொட்டிக்கும் கடைசித் தெருவுக்கும் நடுவே நீளமான குழாய் மண்ணுக்குள் கிடக்கிறது. அதற்குள் தண்ணீருக்கு என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் இரண்டு அளவுகளைச் சொல்கிறது. குளோரின் கலந்து குறைந்தது 30 நிமிடம் கழித்து, பி.எச். (அமில, கார அளவு) 8-க்குக் கீழே இருக்கும் தண்ணீரில், லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது ஃப்ரீ குளோரின், அதாவது அம்மோனியா போன்ற எதனோடும் சேராமல் தனித்திருக்கும் குளோரின், இருக்க வேண்டும். மக்கள் பிடிக்கும் இடத்தில் அது 0.2-க்குக் குறையக் கூடாது. தொட்டியடியில் மட்டும் சோதிப்பவர் இரண்டாவது அளவைப் பார்க்கவே இல்லை. ஊற்றிய உடனே சோதித்திருந்தால் முதல் அளவையும் பார்க்கவில்லை.

ஒரு குடியிருப்பில் வயிற்றுப்போக்கு பரவியபோது நடந்ததைச் சொல்கிறேன். தொட்டியில் குளோரின் நன்றாகவே இருந்தது. கடைக்கோடித் தெருக் குழாயில் டி.பி.டி. மாத்திரை போட்டால் தண்ணீர் நிறமே மாறவில்லை. அங்கே பொறுப்பில் இருந்த புதியவர், தொட்டியில் மருந்தைக் கூட்டச் சொன்னார். மறுநாளும் பூஜ்யம். இன்னும் கூட்டினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் மருந்து வாடை தாங்காமல், யாரும் சோதிக்காத ஒரு பழைய கிணற்றுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர் 1ஆம் எண் மாத்திரையை மட்டும் போட்டிருந்தார். அது ஃப்ரீ குளோரினை மட்டும் காட்டும். அதே குழலில் 3ஆம் எண் மாத்திரையையும் போட்டால், ஃப்ரீயும் மற்றவற்றோடு சேர்ந்ததும் அடங்கிய மொத்தக் குளோரின் தெரியும். போட்டோம். நிறமில்லாமல் நின்ற தண்ணீர் நன்றாகச் சிவந்தது. ஆக, குளோரின் கடைசித் தெரு வரை வந்திருக்கிறது, வழியில் அம்மோனியாவைப் பிடித்துக்கொண்டு குளோரமைனாக மாறிவிட்டது. குளோரமைன் கிருமியைக் கொல்லும் வேகம் மிகக் குறைவு. தொட்டியடியில் எடுத்த நீரில் ஃப்ரீயும் மொத்தமும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியானால் அம்மோனியா தொட்டிக்குக் கீழேதான் சேர்ந்திருக்க வேண்டும். மண்ணுக்குள் போகும் குழாயில் திடீரென்று அம்மோனியா சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிவுநீரைத்தான்.

குழாய் போகும் வழியெல்லாம் நடந்தோம். சாக்கடையைக் கடக்கும் இடத்தில் ஓர் இணைப்பில் ரப்பர் பட்டை சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். தண்ணீர் திறந்திருக்கும் நேரத்தில் அங்கிருந்து நீர் வெளியே கசிந்தது. அடைத்ததும் குழாய் காலியாகி, அதே இடுக்கு வழியாகச் சாக்கடையை உள்ளே இழுத்தது. வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சியது இழுப்பை இன்னும் கூட்டியது.

மருந்தை மேலும் இரண்டு மடங்கு ஏற்றியிருந்தால் கடைசிக் குழாயில் 0.2 வந்திருக்கும். எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். சாக்கடை தினமும் உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கும். இதனால்தான் சொல்கிறேன், கடைசிக் குழாயில் வரும் பூஜ்யத்தை மருந்தைக் கூட்டி மறைக்காதீர்கள். நோய் பரவும் நேரத்தில் அளவை ஓரளவு ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அன்றே ஓட்டையைத் தேடிப் புறப்படுங்கள். நேற்றுவரை 0.3 காட்டிய குழாய் இன்று பூஜ்யம் காட்டினால், ஆய்வகத்திலிருந்து கிருமி முடிவு வரும் முன்பே குழாய் உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டது.

நேரமும் முக்கியம். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில், திறந்த முதல் சில நிமிடத்து நீரில்தான் இரவெல்லாம் உள்ளே இறங்கியது இருக்கும். ஆய்வுக்குப் போகிறவர்கள் காலை உணவை முடித்துக்கொண்டு சாவகாசமாகப் போய்ச் சேரும்போது அது எல்லார் வீட்டுக் குடத்திலும் ஏறியிருக்கும். தண்ணீர் திறக்கும் முன்பே கடைசிக் குழாயடியில் நில்லுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் டி.பி.டி. பூஜ்யம்போலத் தோன்றும். மாத்திரை கரையும்போது ஒரு நொடி சிவப்பு மின்னி மறைந்துவிடும், குளோரினே அந்த நிறத்தை வெளுத்துவிடுகிறது. சிலர் குழலில் மாத்திரை போட்டு மூடியபின் குனிந்து படிவம் நிரப்புகிறார்கள். நிமிர்ந்து பார்க்கும்போது நிறம் இல்லை, பூஜ்யம் என்று எழுதி இன்னும் மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். மாத்திரை கரையும்வரை கண்ணை எடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால், குளோரின் கலக்காத சுத்தமான நீரில் அந்த மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி பாருங்கள். மாத்திரைக்குப் பதிலாக, குளோரினைக் கண்டால் மஞ்சளாகும் ஆர்த்தோடொலிடின் கரைசல் வைத்திருப்பவர்களிடம் தவறு வேறு திசையில் நடக்கிறது. முதல் சில நொடிகளில் வரும் மஞ்சள்தான் ஃப்ரீ குளோரின். காத்திருந்தால் குளோரமைனும் சேர்ந்து நிறம் ஏறும். அந்த அடர்ந்த மஞ்சளைப் பார்த்து நல்ல அளவு என்று எழுதுகிறார்கள்.

கடைசியாகப் பதிவேடு. பக்கம் பக்கமாக ஒரே பேனாவில், ஒரே சாய்வில் 0.5, 0.5, 0.5 என்று இறங்கும் பதிவேட்டைப் பார்த்தால் அந்த ஊர்த் தண்ணீரை நான் குடிக்க மாட்டேன். மழை பெய்த நாளிலும், மோட்டார் பழுதான நாளிலும் ஒரே அளவு வராது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பலத்த மழை பெய்தது. பக்கத்துப் பண்ணை நிலத்துச் சாணத்தில் இருந்த ஈ.கோலை ஓ157 கிருமி, ஆழமில்லாத ஒரு குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். பின்னர் நீதிபதி ஓ'கானர் நடத்திய விசாரணையில், பணியாளர்கள் குளோரினை அளக்காமலே பல நாட்கள் 0.5 அல்லது 0.75 என்று எழுதி வந்தது வெளியே வந்தது. கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி இருந்திருந்தால் அந்த நோய்ப் பரவலைத் தடுத்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. கருவி இல்லாத இடத்தில் ஒரு மனிதர் கையில் எடுக்கும் அளவுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அளக்க முடியாத நாளில் "அளக்கவில்லை" என்று எழுதுங்கள். அந்தச் சொல்லை வைத்து அடுத்தவர் ஏதாவது செய்ய முடியும். பொய்யான 0.5-ஐ வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

கலங்கல் நீரில் குளோரினை நம்புவது

கலங்கல் துகளுக்குள் கிருமி பதுங்கிக்கொள்ளும், அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். இது பலருக்கும் தெரியும். பலர் மறப்பது, சில கிருமிகளுக்குக் குளோரினே போதாது என்பதை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993இல் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய் நீரில் பரவியது. சுமார் 4,03,000 பேர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்தது. வடிகட்டலில் கோளாறு ஏற்பட்டு, சுத்திகரித்த நீரிலேயே கலங்கல் அளவு ஏறியதுதான் முன்கூட்டி வந்த அடையாளம். முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள், கலங்கலை முடிந்தவரை 1 என்.டி.யு.-வுக்குக் (கலங்கலை அளக்கும் அலகு) கீழே கொண்டுவாருங்கள், குளோரின் அதற்குப் பிறகு.

திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடர்

புதிதாக வந்த நல்ல பவுடரில் ஏறக்குறைய 33 சதவீதம் குளோரின் இருக்கும். 1,000 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். ஈரத்திலும் வெயிலிலும் வாய் திறந்து கிடந்த மூட்டையில் அது 20 சதவீதமாக இறங்கியிருந்தால் அதே அளவுக்கு 5 கிராம் வேண்டும். மூட்டையில் அச்சிட்ட எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், மூட்டைக்குள் இருப்பதைச் சோதிப்பதில்லை. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டவும் வேண்டாம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள்.

கிருமிச் சோதனைப் புட்டியைக் கழுவுவது

கழுவாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூள், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட். அது போய்விட்டால், ஆய்வகம் போய்ச் சேரும்வரை குளோரின் புட்டிக்குள் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், கெட்ட தண்ணீருக்கும் நல்ல சான்று வரும்.

எல்லாச் சோதனைக்கும் குழாயைத் திறந்துவிடுவது

கிருமிச் சோதனைக்கு இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம், வீட்டுக் குழாயின் வாய் அழுக்கை அல்ல, குழாய்ப் பாதையில் வரும் நீரைச் சோதிக்க வேண்டும் என்பதற்காக. அதே பழக்கத்தை ஈயச் சோதனைக்குக் கொண்டுபோனால் முடிவு கெட்டுப்போகும். ஈயம், தண்ணீர் இரவு முழுக்கக் குழாயில் தேங்கி நிற்கும்போது கரைந்து இறங்குவது. காலையில் பிடிக்கும் முதல் நீரில்தான் அது தெரியும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் இறங்கத் தொடங்கிய பிறகும், மாதிரி எடுக்கும் வீட்டுக்காரர்களிடம் முந்தைய இரவே குழாயைச் சில நிமிடம் திறந்துவிடச் சொல்லியிருந்தார்கள். ஈய அளவு குறைத்துக் காட்டப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். எதைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகு குழாயைத் தொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் "காய்ச்சிக் குடியுங்கள்" என்பது

கிருமிக்குச் சரி. நைட்ரேட், ஃபுளூரைடு, ஆர்சனிக் இருந்தால், காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகும், அவை அடர்த்தியாகும். நைட்ரேட் அதிகமுள்ள நீரைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிடாதீர்கள்.

தேக்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்காதது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். தண்ணீர் போனாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் நிரம்பியதும் பொரியும். வாரம் ஒருமுறை சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும், அழுத்தித்தான்.

கிணற்றுக்குச் சிவப்பு பூசிவிட்டுக் கிளம்புவது

வங்கதேசத்தில் 1970கள் முதல் லட்சக்கணக்கான குழாய்க்கிணற்றுக் கைப்பம்புகள் போட்டார்கள். குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் இறந்த குழந்தைகளைக் காப்பாற்றுவது நோக்கம். அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது 1993இல்தான் உறுதியானது. கிருமியைத் தேடிய யாரும் அதைத் தேடவில்லை. பின்னால் நாடெங்கும் பம்புகளைச் சோதித்து, லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பும், குறைவாக இருந்தால் பச்சையும் பூசினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு அதைவிடக் கடுமையானது, 0.01.

சிவப்பு பூசியதும் எல்லாரும் பம்பை விட்டுவிடவில்லை. பச்சைப் பம்பு நடந்துபோகும் தூரத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாறினார்கள். தூரமாக இருந்தவர்களில் பலர் சிவப்பிலேயே தொடர்ந்து பிடித்தார்கள். தினமும் குடத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு அதன் கனம் தெரியும். அதனால் ஒரு கிணற்றைக் கூடாது என்று சொல்லும் அன்றே, அருகில் எது நல்லது, அது எவ்வளவு தூரம், அதன் சொந்தக்காரர் மற்றவர்களைப் பிடிக்க விடுவாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். அருகில் எதுவும் இல்லை என்றால் அதையும் அறிக்கையில் முதல் வரியாக எழுதுங்கள். ஆர்சனிக் உள்ள நீரைச் சமைக்கவும் குடிக்கவும் மட்டும்தான் கூடாது, துணி துவைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் சுமக்க வேண்டிய குடங்களின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறையும்.