ஓட்ஸ் பால் கொழகொழத்தது ஏன்?

கடையில் விற்கும் ஓட்ஸ் பால் என் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. காலி டப்பாக்கள் வேறு குப்பையில் சேர்ந்துகொண்டே இருந்தன. சரி, வீட்டிலேயே செய்வோம் என்று இறங்கினேன். முதல் தடவை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு நிமிடம் மிக்ஸியில் ஓடவிட்டேன். வடிகட்டினால் பசை மாதிரி நூல் நூலாக இழுத்தது. ஓட்ஸின் மாவுச்சத்தும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தும் சூட்டிலும் அதிகம் அரைப்பதிலும் வெளியே வந்துவிடுவதுதான் காரணம்.

இப்போது ஊறவைப்பதே இல்லை. ஒரு கப் ஓட்ஸுக்கு நான்கு கப் ஐஸ் தண்ணீர், 30 விநாடி, அவ்வளவுதான். துணியில் ஊற்றி, பிழியாமல் தானாக வடியவிடுகிறேன் (அந்தப் பொறுமைதான் எனக்குக் கஷ்டம்). சூடாக்கினால் மறுபடி கெட்டியாகும், அதனால் ஜில்லென்றே குடிக்கிறேன். சக்கை ரொட்டி மாவில் போய்விடும். இந்தப் பாலில் வைட்டமின் பி12 கிடையாது. அதற்குத் தனியாக மாத்திரை போடுகிறேன்.