வீட்ல இருக்குற பொருளை வச்சே குட்டீஸுக்கு புவியீர்ப்பு காட்டலாம்

அஞ்சுல இருந்து எட்டு வயசு பிள்ளைங்களுக்கு இது சரியா வரும். ஒரே ஒரு ரூல்தான், கைல இருக்குறத விடுறதுக்கு முன்னாடி "எது முதல்ல விழும்"னு கேட்டு பதில் வாங்கிடணும், நாம முந்திக்கிட்டு விளக்கம் குடுத்தோம்னா அவ்ளோதான், சுவாரஸ்யம் போச்சு.

முதல்ல ஒரு ரப்பரும் சாவிக்கொத்தும் எடுத்துக்கோங்க. பெரும்பாலும் சாவின்னுதான் சொல்லுவாங்க, பெரியவங்களே அப்படித்தான் சொல்றோம். தோள் உயரத்துல இருந்து ரெண்டையும் ஒரே நேரத்துல விட்டுட்டு கண்ணை மூடி சத்தத்தை மட்டும் கேக்க சொல்லுங்க, ரெண்டு சத்தமும் ஒண்ணா கேக்கும்.

அடுத்து ஒரு நோட்டும் அதைவிட சின்னதா வெட்டுன ஒரு பேப்பரும். தனித்தனியா விட்டா பேப்பர் ஆடி ஆடி லேட்டா வரும், உடனே "பாத்தியா, வெயிட் கம்மி அதான்"னு பிள்ளை ஜெயிச்ச மாதிரி பாக்கும். இப்போ அதே பேப்பரை நல்லா கசக்கி உருண்டையாக்கி விடுங்க, சட்டுனு விழும். வெயிட் மாறலயே, அப்புறம் எப்படி? கொஞ்சம் யோசிக்க விடுங்க. அப்புறம் இன்னொரு பேப்பரை நோட்டு மேல படுக்க வச்சு விட்டா ரெண்டும் ஒட்டுன மாதிரி சேர்ந்தே விழும், ஏன்னா கீழ இருக்குற நோட்டே காத்தை விலக்கிடுது. தடுத்தது காத்துதான்னு அவங்களே சொல்லிடுவாங்க. 1971ல அப்பல்லோ 15ல போன டேவிட் ஸ்காட் நிலாவுல நின்னு ஒரு சுத்தியலையும் வல்லூறு இறகையும் ஒண்ணா விட்ட வீடியோவ அந்த நேரத்துல போட்டு காட்டுங்க, ரெண்டும் ஒண்ணா விழும். அங்க காத்துதான் இல்ல, ஈர்ப்பு இருக்கு, பூமில இருக்குறதுல ஆறுல ஒரு பங்கு.

எனக்கு ரொம்ப பிடிச்சது பாட்டில் வித்தைதான். பிளாஸ்டிக் பாட்டில்ல அடிப்பக்கமா ஒரு ஓட்டை (காம்பஸ் முனையால நீங்களே போடுங்க), விரலால மூடிக்கிட்டு தண்ணி ரொப்பி மேல் மூடிய திறந்தே வைங்க. விரலை எடுத்தா தண்ணி பீச்சும். இப்போ நாற்காலி மேல நின்னு கீழ இருக்குற பெரிய பக்கெட்டுக்குள்ள பாட்டிலை அப்படியே விடுங்க, விழுற அந்த கொஞ்ச நேரம் தண்ணி வர்றது நின்னுடும்! கண்ணுக்கு டக்குனு தெரியாது, போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்துக்கோங்க. பாட்டிலும் தண்ணியும் ஒரே வேகத்துல விழுறதால தண்ணிய ஓட்டை வழியா தள்ள அழுத்தம் இல்ல.

கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா விண்வெளி நிலையத்துல ஆளுங்க ஏன் மிதக்குறாங்கன்னு இதோட சேர்த்தே கேளுங்க. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துலயும் பூமியோட ஈர்ப்பு 90 சதவீதம் கிட்ட இருக்கு, அவங்களும் அந்த தண்ணி மாதிரி நிலையத்தோட சேர்ந்து விழுந்துக்கிட்டேதான் இருக்காங்க, பக்கவாட்டுல அவ்ளோ வேகமா போறதால தரையில மோதல.

ஒண்ணு, இதெல்லாம் பாத்ததுக்கு அப்புறம் பால்கனி கதவை பூட்டி வைங்க, ரிமோட்டையும் ஒளிச்சு வச்சிடுங்க.