கல்ச்சர் ரிப்போர்ட்ல கேண்டிடா ஆரிஸ்னு வந்தா கூட இருக்கறவங்க என்ன செய்யணும்

ஆரணி, குடியாத்தம், வங்காளம், அசாம்னு எங்கெங்கிருந்தோ வேலூருக்கு வந்து லாட்ஜ்ல ரூம் போட்டு மாசக்கணக்கா தங்கறாங்க. அவங்கள்ல ஐசியூல ஆள வச்சிருக்கறவங்களுக்காக இத எழுதறேன். டாக்டர் "பங்கஸ் இன்ஃபெக்ஷன்"னு சொன்னா நம்மாளுங்க தேமல், படைனு நெனச்சிக்கிறாங்க. கேண்டிடா ஆரிஸ்ங்கறது ரத்தத்துலயும் கலக்கக்கூடிய ஈஸ்ட், அதாவது ஒரு வகை பூஞ்சை, தயவுசெஞ்சி லேசா எடுத்துக்காதீங்க.

முதல்ல கல்ச்சர் ரிப்போர்ட்ல (ரத்தம் மாதிரி சாம்பிள்லருந்து கிருமிய லேப்ல வளத்துப் பாக்கற டெஸ்ட்) பேரு முழுசா இருக்கானு பாருங்க. வெறும் "ஈஸ்ட்"னு மட்டும் இருந்தா எந்த வகைனு கேளுங்க, ஏன்னா மருந்தே அத வச்சிதான் மாறும். ஆரிஸ 2009ல ஜப்பான்ல ஒரு வயசான அம்மா காதுலருந்து எடுத்துதான் முதல்ல அடையாளம் கண்டாங்க. 2022ல உலக சுகாதார நிறுவனம் ரொம்ப ஆபத்தான பூஞ்சைங்க வரிசைல இத வச்சிடுச்சி. சில மெஷின்ல இது ஹீமுலோனிங்கற வேற கேண்டிடானு தப்பா காட்டும், அப்படி வந்தா கிருமிய சரியா அடையாளம் காட்டற மால்டி டாஃப்ங்கற மெஷின்ல ஒருதடவ பாக்க முடியுமானு கேக்கறதுல தப்பே இல்ல.

அடுத்தது மருந்து, இங்கதான் நெறைய பேர் கோட்ட விடறாங்க. பூஞ்சைக்கு குடுக்கற ஃப்ளுகோனசோல் மாத்திரைய மெடிக்கல்ல நீங்களா வாங்கி குடுக்கவே குடுக்காதீங்க. அமெரிக்காவுல பாத்த ஆரிஸ்ல ஏறக்குறைய 90 சதவீதம் அதுக்கு அடங்கல, 30 சதவீதம் ஆம்போடெரிசின்ங்கற இன்னொரு பூஞ்சை மருந்துக்கும் அடங்கல. மருந்து போய் ஒட்டவேண்டிய எடத்தையே இந்தக் கிருமி மாத்திக்குது, மீறி உள்ள போன மருந்தையும் பம்ப் வச்ச மாதிரி வெளிய தள்ளிடுது. அதனால பெரும்பாலும் காஸ்போஃபஞ்சின், மைகாஃபஞ்சின் மாதிரி ஊசிலதான் ஆரம்பிப்பாங்க, அதுல மாத்திரை கிடையாது, செலவும் அதிகம். ஆனா ஜுரம் விட்டுச்சேனு நடுவுல நிறுத்தச் சொல்லாதீங்க. ரத்தத்துல கிருமி இல்லனு கல்ச்சர் வந்தப்புறமும் வழக்கமா 2 வாரம் போடுவாங்க. மருந்து ஏறிட்டிருக்கும்போதே அதுக்கும் எதிர்ப்பு வந்துடலாம், அதனால ஜுரம் திரும்புனா மறுபடி கல்ச்சர் எடுக்கறாங்களானு கேளுங்க. கண்ண செக் பண்ணீங்களா, கழுத்து ரத்தக்குழாய்ல போட்ட லைன (ட்யூப) எடுக்கணுமா மாத்தணுமானும் கேளுங்க. அந்த ட்யூப் மேல கிருமி படலமா ஒட்டிக்கும், படலத்துக்குள்ள இருக்கறத மருந்தால சுலபமா தொட முடியாது.

தோல்ல பஞ்சுக் குச்சியால தடவி எடுத்த ஸ்வாப்ல மட்டும் ஆரிஸ் வந்து ரத்தத்துல இல்லனா பொதுவா மருந்து வேணாம். ஆனா தோல்ல மாசக்கணக்குல தங்கும், மத்தவங்களுக்கும் பரவும். நம்மூரு கத்திரி வெயில் மாதிரி 42 டிகிரிலயும் வளருற கிருமி இது, கட்டில் கம்பி, பிபி பட்டை மேலெல்லாம் வாரக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால பேஷண்ட தொடறதுக்கு முன்னாடியும் அப்புறமும் கைல சானிடைசர் போடுங்க, கவுன் குடுத்தா மாட்டுங்க, பக்கத்து பெட்காரருக்கு உங்க ஃப்ளாஸ்க், சீப்புலாம் குடுக்காதீங்க. தனி ரூம்ல போட்டா ஒதுக்கறாங்கனு வருத்தப்படாதீங்க, அது மத்த நோயாளிங்களுக்காக. நல்லா இருக்கற ஆளுக்கு இது பெருசா ஒண்ணும் செய்யாது, அதனால பயந்து பேஷண்ட்கிட்ட போகாம இருந்துடாதீங்க.

வீட்டுக்குப் போனதும் அவரு தொடற எடத்தையெல்லாம் ப்ளீச்சிங் கலந்த தண்ணியில தொடைங்க. அதோட ஆசிட் கலந்துடாதீங்க, வெஷவாயு வரும். டிஸ்சார்ஜ் சம்மரில ஆரிஸ்னு எழுதச் சொல்லி வாங்கிக்கோங்க. அடுத்து எந்த ஆஸ்பத்திரில சேத்தாலும், டயாலிசிஸுக்குப் போனாலும், பெட் குடுக்கறதுக்கு முன்னாடியே அந்த பேப்பர காட்டிடுங்க.