போலீஸ் பைக் செலக்ட் பண்றப்போ டிபார்ட்மென்ட் எங்கெல்லாம் சறுக்குது

போலீஸ் பைக்னு சொன்னாலே நிறைய பேருக்கு மனசுல ஓடுறது சேஸிங்தான், சைரன் அலற ஒரு வண்டி இன்னொரு வண்டியைத் துரத்துற மாதிரி. ஆனா ஒரு டிராஃபிக் ஆபீசரோட ஒரு ஷிஃப்ட்டை முழுசா பாருங்க, பெரும்பாலான நேரம் ஜங்ஷன்ல நிக்கிறது, ஊர்வலத்துக்கு முன்னாடி நடக்கிற வேகத்துல ஊர்றது, நிறுத்தி ஃபைன் எழுதுறது, ஆக்ஸிடென்ட் நடந்த இடத்துல லைட்டைப் போட்டுட்டு முக்கால் மணி நேரம் காவல் நிக்கிறது, இதுலயே போயிடும். வேகமா போற நேரம் ரொம்பக் கம்மி. வண்டி வாங்குறவங்க இந்த மீதி நேரத்தை மறந்துட்டு வாங்குறதுதான் கீழ சொல்லப்போற எல்லா தப்புக்கும் ஆரம்பம்.

முதல் தப்பு, சிசி எவ்ளோ, டாப் ஸ்பீடு எவ்ளோன்னு ஆரம்பிக்கிறது. போலீஸ் வண்டின்னா உள்ள எஞ்சினை ஸ்பெஷலா டியூன் பண்ணியிருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, பெரும்பாலும் அப்படி எதுவும் கிடையாது, கடையில விக்கிற அதே எஞ்சின்தான். மாறுறது வயரிங், பேட்டரி, சீட், கிராஷ் பார், லைட் மாட்டுற பிராக்கெட், இந்த மாதிரி சமாச்சாரம்தான். தப்பிச்சுப் போறவன பிடிக்கிறதுக்கு வண்டியோட வேகத்தை விட ரேடியோல அடுத்த ஆளுக்குச் சொல்றதுதான் வேலைக்கு ஆகும், அதனால 200ஐ தாண்டுற வண்டியா 180ல நிக்கிற வண்டியாங்கிறது முடிவை மாத்துற விஷயமே இல்ல. பிரேக் எப்படி நிக்குது, சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற ஏபிஎஸ் ஈர ரோட்ல எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா அது நல்ல கேள்வி.

அமெரிக்காவுல மிச்சிகன் ஸ்டேட் போலீஸ் போலீஸ் வண்டிகளை டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை வெளியிடுறாங்க, மோட்டார்சைக்கிளும் அதுல உண்டு. பிக்கப், பிரேக், ட்ராக்ல எப்படித் திரும்புது, ஸ்விட்சுங்க கைக்கு எட்டுதா, உக்கார வசதியா இருக்கா, எல்லாத்தையும் பார்க்குறாங்க. சொந்தமா டெஸ்ட் பண்ண வசதி இல்லாத சின்ன டிபார்ட்மென்ட்டுக்கு இது பெரிய உதவி. ஆனா அந்த டேபிள்ல லேப் டைம் கம்மியா இருக்குற வண்டியை அப்படியே எடுத்துக்கிட்டா நம்ம வேலைக்குப் பொருந்தணும்னு இல்ல, ரேஸ் ட்ராக்ல யாரும் டூட்டி பார்க்குறது இல்லையே. நம்ம ஆளுங்க எவ்ளோ நேரம் நிக்கிறாங்க எவ்ளோ நேரம் ஓடுறாங்கன்னு முதல்ல ஒரு மாசம் கணக்கு எடுத்துட்டு, அதுக்கு ஏத்த மாதிரி அந்த ரிசல்ட்டுக்கு நம்மளே வெயிட்டேஜ் போட்டுக்கணும்.

இப்போ கரன்ட் விஷயத்துக்கு வர்றேன், இதைக் கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும், ஏன்னா ஸ்பெக், அதாவது வண்டி எப்படி இருக்கணும்னு டெண்டருக்குக் குடுக்குற குறிப்பு, எழுதுறப்போ ரொம்ப சுலபமா விட்டுப்போறது இதுதான். ஷோரூம்ல ஒரு நல்ல டூரிங் பைக்கை வாங்கி, வெளியில குடுத்து லைட்டு சைரன் ரேடியோ கேமரா எல்லாம் மாட்டிட்டா போலீஸ் பைக் ரெடின்னு நினைக்கிறாங்க. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஆர்டிங்கிற டூரிங் பைக்கோட ஆல்டர்நேட்டர், அதாவது எஞ்சின் சுத்துறப்போ கரன்ட் தயாரிக்கிற பாகம், 500 வாட் சொச்சம். கேக்க நிறைய மாதிரி தெரியும், ஆனா அது எஞ்சின் நல்ல ஆர்பிஎம்ல சுத்துறப்போ வர்ற கணக்கு, ஐடிலிங்ல, அதாவது நின்ன இடத்துலயே எஞ்சின் சும்மா ஓடுறப்போ, அவ்ளோ வராது, அதுலயும் ஹெட்லைட், ஃப்யூயல் பம்ப், எஞ்சினை இயக்குற கம்ப்யூட்டரான ஈசியூன்னு வண்டி தனக்கே ஒரு பங்கு எடுத்துக்கும். மிச்சம் இருக்குறதுலதான் நம்ம சாமான் எல்லாம் ஓடணும். 50 வாட் ரேடியோ ஒண்ணு, பேசுறதுக்குப் பட்டனை அழுத்துன உடனே 10 ஆம்பியர் பக்கம் இழுக்கும். 100 வாட் சைரன் ஆம்ப்ளிஃபையர் அதுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. அது போக சுத்தி ஃபிளாஷ் அடிக்கிற லைட்டுங்க, கேமரா ரெக்கார்டர், ஸ்பீடு கன் சார்ஜர்.

இப்போ இப்படி யோசிச்சுப் பாருங்க, வெயில்ல ஒரு ஆக்ஸிடென்ட் ஸ்பாட், ஆபீசர் வண்டியை ரோட்டுக்குக் குறுக்க நிறுத்தி லைட்டைப் போட்டுட்டு இறங்கி வேலை பார்க்குறார், எஞ்சின் சூடாகுதுன்னு ஆஃப் பண்ணிட்டார், நடுநடுவுல வந்து ரேடியோல பேசுறார். அரை மணி நேரம் கழிச்சு ஆம்புலன்ஸுக்கு வழி விடணும்னு ஸ்டார்ட்டரை அழுத்துறார், டிக் டிக்னு ரிலே சத்தம் மட்டும் வருது, 300 கிலோ பக்கம் இருக்குற வண்டியைத் தள்ள இன்னும் ரெண்டு பேரைத் தேடணும். இந்த நிலைமை வரக்கூடாதுன்னுதான் பிஎம்டபிள்யூவோட போலீஸ் மாடல்கள்ல, அதாவது ஆர்டி-பின்னு வர்றதுல, போலீஸ் சாமானுக்குன்னு தனியா இன்னொரு பேட்டரி வச்சிருக்காங்க, அது தீர்ந்தாலும் ஸ்டார்ட் பண்ற பேட்டரி அப்படியே இருக்கும். சிவில் மாடலை வாங்கி அதையே பின்னாடி நம்ம பண்ணிக்கலாம்னு போனா, இப்போ வர்ற வண்டிகள்ல கேன் பஸ் சிஸ்டம், அதாவது வண்டியோட எலக்ட்ரானிக் பாகங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற லைன், இருக்கு, இஷ்டத்துக்கு ஒரு வயரைக் கட் பண்ணி அதுல சைரனைக் கோர்த்துட்டா வண்டியோட கம்ப்யூட்டர் அதை ஃபால்ட்டுன்னு எடுத்துக்கிட்டு அந்த லைனையே அணைச்சிடும். தனி ஃப்யூஸ் பாக்ஸ், தனி ரிலே, பேட்டரியில இருந்து நேரா தனி லைன், இதை ஸ்பெக்லயே எழுதிடணும். எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாமானும் எத்தன ஆம்பியர் இழுக்குதுன்னு ஒரு பேப்பர்ல கூட்டிப் பார்க்குறதுக்கு பத்து நிமிஷம் ஆகுமா, அந்த பத்து நிமிஷம்தான் ஃபைல்ல எங்கயும் இருக்காது.

சூடும் இதே கதைதான். ஹார்லி டேவிட்சன் எலக்ட்ரா க்ளைட் மாதிரி வி வடிவத்துல ரெண்டு சிலிண்டர் இருக்குற பெரிய வி-ட்வின் எஞ்சின் வண்டி, நின்னுட்டே ஓடிட்டு இருந்தா பின் சிலிண்டரோட சூடு நேரா தொடைக்கு வரும். அதுக்காக கம்பெனியே ஒரு ஏற்பாடு வச்சிருக்கு, எஞ்சின் ரொம்ப சூடாகி வண்டி நின்ன இடத்துலயே ஐடில் ஆகுறப்போ பின் சிலிண்டருக்குப் பெட்ரோல் போறதை நிறுத்திடும். இப்படி ஒண்ணு இருக்கா, ஃபேன் இருக்கா, ரேடியேட்டர் காத்து யார் கால்ல அடிக்குதுன்னு மத்தியான வெயில்ல அரை மணி நேரம் ஓடவிட்டு நிக்க வச்சுப் பார்க்கணும். காலையில ஆறு மணிக்கு ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வண்டி சூப்பர்னு கையெழுத்து போட்டா அது டெஸ்ட்டே இல்ல.

கிளட்சையும் இங்கயே சொல்லிடுறேன். போலீஸ் ட்ரெய்னிங்ல கோன் வச்சு ஓட்டுவாங்க, ஹேண்டிலை முழு லாக்குக்கு ஒடிச்சு, கிளட்சை பாதில பிடிச்சு, ரெய்ஸை கொஞ்சம் தூக்கி வச்சு, பின் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே ஒரு ரோடு அகலத்துக்குள்ள இவ்ளோ பெரிய வண்டியைத் திருப்புவாங்க, பார்க்க அவ்ளோ அழகா இருக்கும். ஆனா அந்த நேரம் முழுக்க கிளட்ச் வழுக்கிட்டே இருக்கு. ரெண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிட்டு இருக்குற பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகள்ல ஆயில் இல்லாத சிங்கிள் பிளேட் டிரை கிளட்ச், இந்த மாதிரி நாள் பூரா பண்ணா கருகுற வாசனை வந்துடும், ஆர்டி வரிசையில 2014ல வந்த ஆர் 1200 ஆர்டிலதான் ஆயில்ல ஓடுற வெட் கிளட்சுக்கு மாறினாங்க. ஹாஃப் கிளட்ச் வேலை அதிகம்னா எந்த டைப் கிளட்ச், பிளேட் மாத்த எவ்ளோ ஆகும், எவ்ளோ நேரம் ஆகும்னு முன்னாடியே கேளுங்க.

அடுத்தது ஆளோட உயிர் சம்பந்தப்பட்டது, வெயிட். ஹோண்டா எஸ்டி1300 பான் யூரோப்பியன்னு ஒரு வண்டி, நல்ல டூரிங் வண்டி, பிரிட்டன்ல நிறைய போலீஸ் படைகள் வச்சிருந்தாங்க. அதிக வேகத்துல வண்டி பாம்பு மாதிரி நெளியுதுன்னு புகார் வந்து, ஒரு ஆபீசரோட மரணமும் அது சம்பந்தமான விசாரணையும் நடந்து, 2007ல பல படைகள் அதை ரோட்டை விட்டே எடுத்துட்டாங்க. இந்த நெளிசல்ல முன் சக்கரம் மட்டும் ஆடாது, முழு வண்டியும் இடமும் வலமுமா மெதுவா ஊசலாடும். பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடியும் உயரத்துலயும் எவ்ளோ வெயிட் ஏத்துறோமோ அவ்ளோ ஆபத்து, டயர் தேஞ்சிருந்தாலோ காத்து கம்மியா இருந்தாலோ இன்னும் மோசம். போலீஸ் பைக்ல நம்ம எங்க சாமான் ஏத்துறோம்? சரியா அங்கதான், பின்னாடி டாப் பாக்ஸ்ல ரேடியோ, அதுக்கு மேல கம்பத்துல லைட்டு, ரெண்டு பக்கமும் பெட்டி.

அதனால கம்பெனி சொல்ற மொத்த எடை லிமிட்டைப் பார்க்காம சாமான் ஏத்தவே கூடாது. கணக்கு ரொம்ப ஈஸி, ஆர் 1250 ஆர்டி பெட்ரோலோட 279 கிலோ, மொத்தமா 505 கிலோ வரைக்கும்தான் அனுமதி, அப்போ கையில இருக்குறது 226. ஆபீசர் 90 கிலோ, வெஸ்ட், பெல்ட், பூட்ஸ், ஹெல்மெட் சேர்த்து ஒரு 15, லைட்டு சைரன் ரேடியோ எக்ஸ்ட்ரா பேட்டரி கிராஷ் பார் பிராக்கெட்னு அது ஒரு 40ன்னு வச்சுக்கோங்க, அப்புறம் பெட்டிக்குள்ள ஃபர்ஸ்ட் எய்ட், கோன், மழை கோட்டு, ஃபைல். இந்தக் கணக்குல மொத்தம் லிமிட்டுக்குள்ளதான் வரும், ஆனா பெட்டிக்குன்னு தனி லிமிட் மேனுவல்ல இருக்கு, பெட்டி மாட்டியிருந்தா இவ்ளோ வேகத்துக்கு மேல போகாதேன்னும் இருக்கு, தப்பு நடக்குறது அங்கதான். எல்லா சாமானையும் மாட்டின பிறகு வண்டியை எடை மேடையில ஏத்தி முன் சக்கரம் எவ்ளோ பின் சக்கரம் எவ்ளோன்னு தனித்தனியா எடுக்கணும், அதுக்கப்புறம் அதே கோலத்துலயே ஒரு நல்ல ட்ரெய்னர் மூடின ட்ராக்ல ஓட்டிப் பார்க்கணும். வெறும் வண்டியை டெஸ்ட் பண்ணிட்டு, லோடு ஏத்தின வண்டியை ஆபீசர் கையில குடுக்குறது ரொம்பப் பெரிய தப்பு.

யார் டெஸ்ட் பண்றாங்கங்கிறதும் முக்கியம். படையிலயே நல்லா ஓட்டுறவரைக் கூப்பிட்டு ஓட்ட வைப்பாங்க, அவரு ஆறடி இருப்பாரு, எந்த வண்டியைக் குடுத்தாலும் சமாளிப்பாரு. அஞ்சடி நாலு அங்குலம் இருக்குற ஆபீசருக்குக் கால் தரையில பதியுதா? ரோடு சாய்வா இருந்தா? சீட் உயரம் மாத்துற வசதி இருக்கான்னு பார்க்கணும். டூட்டி டிரஸ்லயே உக்காரச் சொல்லணும், ஏன்னா இடுப்பு பெல்ட்ல இருக்குற சாமான் சீட்டோட பின் மேட்டுல இடிக்கும், டீஷர்ட்ல ஓட்டிப் பார்த்தா அது தெரியவே தெரியாது. ஒரு ஷிஃப்ட்ல எத்தன தடவை ஏறி இறங்குறாங்க, ஒவ்வொரு தடவையும் வலது காலைத் தூக்கி பெட்டிக்கும் ரேடியோ ஆன்டெனாவுக்கும் மேல போடணும், ஆன்டெனா ஒரு அடி தள்ளி இருந்தா பூட்ஸ் மாட்டாது, தப்பான இடத்துல இருந்தா ஒரு நாள் வண்டியோட சேர்ந்து விழுவாரு. சைட் ஸ்டாண்டோட அடிப் பட்டை சின்னதா இருந்தா வெயில்ல இளகின தார்ல புதையும். சைரன் ஸ்விட்சும் பேசுற பட்டனும் கிளவுஸ் போட்ட கையில, கிளட்சை விடாம, இடது கட்டை விரலுக்கு எட்டணும். இதெல்லாம் பிரோஷர்ல இருக்காது, ஓட்டுறவங்களைக் கேட்டாதான் தெரியும்.

காசு விஷயத்துல எல்லாரும் பண்றது ஒண்ணுதான், டெண்டர்ல கம்மி ரேட் போட்டவங்களுக்குக் குடுத்துட்டு ஃபைலை மூடுறது. வண்டி விலைங்கிறது ஒரு பகுதிதான். டயர், பிரேக் பேட், சர்வீஸ் எத்தன கிலோமீட்டருக்கு ஒரு தடவை, வால்வ் செக் பண்ண எவ்ளோ பார்ட்டைக் கழட்டணும், செயினா ஷாஃப்ட்டா, ஒரு பக்கம் விழுந்தா எவ்ளோ உடையும், அஞ்சு வருஷம் கழிச்சு வித்தா என்ன வரும், இதையெல்லாம் கூட்டி ஒரு கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு வகுத்துப் பார்த்தா கம்மி ரேட் வண்டி கம்மியாவே இருக்காது சில நேரம். சர்வீஸ் கிலோமீட்டரை மட்டும் பார்த்து பண்றதும் சரியில்ல, ஐடிலிங்ல மீட்டர் ஓடாது ஆனா எஞ்சின் ஓடும், எஞ்சின் மணி நேரத்தையும் சேர்த்து வச்சு ஆயில் மாத்தணும்.

கவாசாகி கேஇசட்1000பின்னு ஒரு போலீஸ் வண்டி 1982ல இருந்து 2005 வரைக்கும் பெருசா எந்த மாத்தமும் இல்லாம வந்துச்சு, ஓல்டு டெக்னாலஜிதான், ஆனா அதை வச்சிருந்த டிபார்ட்மென்ட் மெக்கானிக்குக்கு அது மனப்பாடம், பழைய வண்டில இருந்து பார்ட்டைக் கழட்டி புதுசுல போட்டுக்கலாம். வருஷா வருஷம் மாடல் மாறுற வண்டியில இந்த நிம்மதி கிடைக்காது, அதை விலையில சேர்த்துத்தான் பார்க்கணும்.

அதுக்காக ஒரே மாடலை மட்டும் நம்பி இருக்குறதும் சரியில்லைன்னு நான் நினைக்கிறேன். 2014 ஜூன்ல புது ஆர் 1200 ஆர்டியோட பின் ஷாக் அப்சார்பர்ல பிரச்சனைன்னு கம்பெனியே, மாத்துற வரைக்கும் ஓட்டாதீங்கன்னு சொல்லிடுச்சு. அந்த நேரத்துல மொத்த படையும் அதே வண்டியா இருந்தா என்ன பண்ணுவீங்க. பழைய மாடல் கொஞ்சம், வேற மாடல் கொஞ்சம் ரிசர்வ்ல இருக்கணும், ஆனா நாலு அஞ்சு பிராண்டு கலந்துட்டா ஸ்பேர் பார்ட் வச்சுக்க முடியாது. ரெண்டு போதும்.

ட்ரெய்னிங் பட்ஜெட் தனின்னு ஒதுக்கிட்டு வண்டியை மட்டும் வாங்கி நிறுத்துறதும் நடக்குது. மாடல் மாறுனா பிரேக் ஃபீல் மாறும், வெயிட் மாறும், பழைய பழக்கத்துல கை போகும். புது வண்டி வந்தா பழைய ஆபீசருக்கும் மறுபடி கோன் ட்ரெய்னிங், அவசர பிரேக் ட்ரெய்னிங் குடுத்துட்டுத்தான் ரோட்டுக்கு அனுப்பணும், அந்தச் செலவு டெண்டரோட சேர்ந்தே வரணும்.

கடைசியா எலக்ட்ரிக். அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ் உட்பட சில போலீஸ் படைகள் ஜீரோ கம்பெனி எலக்ட்ரிக் பைக்கை எடுத்தாங்க. நான் இதுக்கு ஆதரவுதான், மேல சொன்ன ஐடிலிங் சூடு, கிளட்ச் கருகுறது எதுவுமே இதுல கிடையாது, சத்தம் இல்லாததால பூங்கா, ஊர்வலம் மாதிரி இடத்துல பக்கத்துல என்ன நடக்குதுன்னு காது கேக்கும். தப்பு எங்க நடக்குதுன்னா ரேஞ்ச் எண்ணைப் படிக்கிறதுல. பிரோஷர்ல பெருசா போட்டிருக்குறது சிட்டி ரேஞ்ச், ஹைவே வேகத்துல ஓடுனா கிட்டத்தட்ட பாதியாயிடும், லைட்டும் ரேடியோவும் வேற அதுலயே ஓடணும். ஒரே வண்டியை மூணு ஷிஃப்ட் ஆளுங்க மாத்தி மாத்தி ஓட்டுற ஸ்டேஷன்னா அது சார்ஜ் ஏறுறதுக்கு எப்போ நிக்கும்? பெட்ரோல் வண்டியை அஞ்சு நிமிஷத்துல ஃபில் பண்ணி அடுத்தவர் கையில குடுத்த பழக்கம் இங்க செல்லாது, ஸ்டேஷன்ல பிளக் பாயின்ட் எத்தன, லைன் எவ்ளோ லோடு தாங்கும்னு பார்த்துட்டு, ஷிஃப்ட் டைம்டேபிளை முதல்ல மாத்தி எழுதிட்டு அப்புறம் எத்தன வண்டின்னு ஆர்டர் போடுங்க.