பார்க்கே கோப்பில் இருக்கும் மதிப்பு வினவலில் ஏன் நல் ஆகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரவுக் களஞ்சியத்தில் ஒரு நிரல் (கொலம்) முழுக்க நல், அதாவது "மதிப்பே இல்லை" என்று வந்தால், பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது வினவலில்தான். அட்டவணைகளை இணைக்கும் ஜாயினை மாற்றிப் பார்ப்பார்கள், வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் அலுத்துப்போய் நல்லுக்குப் பதில் வேறு மதிப்பை வைக்கும் ஒரு கோலெஸ் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது:

"அக்கா, அந்தக் கொலம் முழுக்க நல் வருது. கோலெஸ் போட்டு சைபர் ஆக்கிட்டன்."

"தம்பி, ஃபைலைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்ல..."

நல் பிறக்கக்கூடிய இடங்கள் மூன்று: கோப்பை எழுதும்போது, கோப்பின் நிரலை அட்டவணையின் நிரலோடு பொருத்தும்போது, வினவல் ஓடும்போது. மூன்றுக்கும் மருந்து வேறு. எந்த இடம் என்று தெரியாமல் செய்யும் திருத்தம் எல்லாம் குருட்டாம்போக்குத்தான்.

ஒரு சில்லறைக் கடைத் தொகுதியை வைத்துப் பேசுவோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று கிளைகள். ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு கிளையின் விற்பனையும் ஒரு பார்க்கே கோப்பாக (தரவை நிரல் நிரலாகச் சேமிக்கும் வடிவம்) மேகச் சேமிப்பில் வந்து விழுகிறது. அதன்மேல் ஓர் அட்டவணை. காலையில் அறிக்கையைத் திறந்தால் கொட்டாஞ்சேனைக்கு வாடிக்கையாளர் எண் ஒன்றுகூட இல்லை.

முதலில் கோப்பின் அடியைப் பாருங்கள்

பார்க்கே 2013இல் ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து வெளியிட்ட வடிவம். கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் "பிஏஆர்1" என்ற நான்கு பைட் முத்திரை இருக்கும். முடிவு முத்திரைக்குச் சற்று முன்னால்தான் அடிக்குறிப்பு. நிரல்களின் பெயர், வகை, ஒவ்வொரு நிரைக் குழுவிலும் (நிரை என்றால் ரோ; கோப்பு அவற்றைக் குழு குழுவாக வைக்கும்) எத்தனை மதிப்பு, அதில் எத்தனை நல் என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஆகவே கோடிக்கணக்கான நிரைகள் உள்ள கோப்பானாலும், தரவை வாசிக்காமலே அதன் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம்.

இதற்கு டக்டிபி என்ற சிறு தரவுத்தள மென்பொருள் போதும். மடிக்கணினியிலேயே ஓடும், சேவையகம் எதுவும் வேண்டாம். அதில் பார்க்கே_ஸ்கீமா என்ற செயற்கூறு நிரல் பெயர்களையும் வகைகளையும் காட்டும். பார்க்கே_மெட்டாடேட்டா என்ற செயற்கூறு ஒவ்வொரு நிரைக் குழுவுக்கும் மதிப்பு எண்ணிக்கையையும் நல் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். இரண்டும் சமம் என்றால் கோப்பே வெறுமை. நீங்கள் வினவலில் என்ன செய்தாலும் மதிப்பு முளைக்காது, கோப்பை எழுதியவரிடம் போங்கள். நல் எண்ணிக்கை 0 என்றால் கோப்பு சுத்தம், கோளாறு நம் பக்கம். சில மென்பொருள்கள் இந்தப் புள்ளிவிவரத்தை எழுதாமலே விட்டுவிடும். அப்போது அந்த இடம் காலியாக இருக்கும், அந்த நிரலை மட்டும் நேரடியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு கோப்பைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவதும் தவறுதான். நல் வரும் நாளின் கோப்பையும், ஒழுங்காக வரும் நாளின் கோப்பையும் அருகருகே திறந்து பாருங்கள். வேறுபாடு பெரும்பாலும் அங்கேயே கண்ணில் படும்.

பெயர் பொருந்தவில்லை

என் கணிப்பில் மிக அதிகமான நல் வருவது இதனால்தான். தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை இல்லை; ஆங்கில நிரல் பெயர்களுக்கு உண்டு. பார்க்கே, எழுதியவர் வைத்த பெயரை அப்படியே வைத்திருக்கும். அட்டவணைகளின் விவரப் பட்டியலான ஹைவ் மெட்டாஸ்டோர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி வைத்திருக்கும். கஸ்டமர்ஐடி என்ற பெயரில் "சி"யும் "ஐ"யும் கேப்பிட்டலாக எழுதப்பட்ட கோப்பும், எல்லாம் சின்ன எழுத்தில் உள்ள அட்டவணையும் சந்திக்கும்போது, வாசிக்கும் இயந்திரம் எழுத்தின் அளவைக் கண்டிப்பாகப் பார்த்தால் "அப்படி ஒரு நிரல் இக்கோப்பில் இல்லை" என்று நினைத்துக்கொள்ளும். இல்லாத நிரலுக்கு அது பிழை சொல்லாது, நல்லைக் கொடுக்கும்.

ஸ்னோஃப்ளேக் என்ற மேகத் தரவுக் களஞ்சியத்தில் இது இன்னும் வழுக்கலான இடம். வெளி அட்டவணையில் (கோப்பை அதன் இடத்திலேயே வைத்து வாசிக்கும் அட்டவணை) ஒவ்வொரு நிரையும் வேல்யூ என்ற வேரியன்ட் (எந்த வகை மதிப்பும் அடங்கும்) நிரலாக வருகிறது. அதற்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து உள்ளே உள்ள பெயரை எழுதுகிறோம். வேல்யூ என்பதை எப்படி எழுதினாலும் ஏற்கும். உள்ளே உள்ள பெயரில் ஓர் எழுத்தின் அளவு மாறினாலும் நல். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே பெயர்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். கோப்பிலிருந்தே நிரல்களைக் கண்டறியும் இன்ஃபர்_ஸ்கீமா கொடுக்கும் பட்டியலிலிருந்து எடுங்கள். கொப்பி கட்டளையால் ஏற்றுகிறீர்கள் என்றால் மேட்ச்_பை_கொலம்_நேம் தெரிவை எழுத்தளவு பார்க்காத நிலைக்கு வையுங்கள். அப்போதும் பெயரே கிடைக்காத நிரல் நல்லாகத்தான் ஏறும் என்பதை மறக்கவேண்டாம்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் ஒன்றாக இல்லாத பெயர்கள் இதைவிடக் கொடியவை. மும்மொழியில் வேலை நடக்கும் கொழும்பில் இது அதிகம் மாட்டும். எக்செலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று சேமித்தால் கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் குறி ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றாமல் பார்க்கேயாக மாற்றினால் முதல் நிரலின் பெயருக்கு முன்னால் அந்தக் குறியும் சேர்ந்தே போகும். மற்ற நிரல்கள் எல்லாம் சரி, முதல் நிரல் மட்டும் நல். முதல் நிரல் மட்டும் காணாமல் போனால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது தமிழ், சிங்களத் தலைப்புகள். தொகை என்ற சொல்லின் "தொ"வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. சிங்களத்தில் ஸ்ரீ என்று எழுத, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பு எழுத்து நடுவில் வேண்டும். "தேவையற்ற எழுத்துகளை நீக்கு" என்ற நல்லெண்ணத்தில் யாராவது அதைத் துடைத்துவிட்டால் பெயர் மாறிவிடும். என் கருத்து: சேமிப்பில் நிரல் பெயர் சின்ன ஆங்கில எழுத்தும் அடிக்கோடும் மட்டுமாக இருக்கட்டும். தமிழும் சிங்களமும் அறிக்கையின் தலைப்பில் அழகாக வரட்டும். அது முடியாதென்றால், ஒப்பிடுவதற்கு முன் பெயர்களை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயராலா, இடத்தாலா?

இயந்திரம் நிரலைப் பெயரால் தேடுகிறதா, வரிசை எண்ணால் தேடுகிறதா என்று கேட்காமலே பலர் அட்டவணையை மாற்றுகிறார்கள். கோப்புகளை நேரடியாக வினவும் அமேசான் அதீனாவில் பார்க்கே இயல்பாகப் பெயரால் வாசிக்கப்படும், ஓஆர்சி என்ற இன்னொரு கோப்பு வடிவம் இயல்பாக இடத்தால் வாசிக்கப்படும். அதனால் பார்க்கே நிரலுக்கு அட்டவணையில் பெயர் மாற்றினால் பழைய தரவு முழுக்க நல். ஓஆர்சியில் நடுவில் ஒரு நிரலைச் செருகினால் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் ஓரிடம் நகரும். விலை இருக்கவேண்டிய இடத்தில் அளவு உட்கார்ந்திருக்கும். நல் வந்தாலாவது தெரியும், இது தெரியாது. ஐஸ்பெர்க் என்ற வடிவத்தில் உள்ள அட்டவணைகள் நிரலுக்குப் பெயரோடு ஒரு நிலையான எண்ணையும் கொடுப்பதால் பெயர் மாற்றம் அங்கே பாதுகாப்பு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

உண்மையான நல்லைப் பொய்யாக நிரப்புவது

சில நல் நியாயமானவை. இலங்கையில் வற் வரி 2024 ஜனவரி 1 முதல் 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அந்த மாற்றத்தோடு நம் கடைத் தொகுதி விற்பனைக் கோப்பில் வற் வீதம் என்று ஒரு நிரலைச் சேர்த்தது என்று வையுங்கள். 2023 கோப்புகளில் அந்த நிரலே கிடையாது, ஆகவே அவற்றுக்கு நல் வருவது சரியான விடை. இங்கே கோலெஸ் போட்டு 0 ஆக்கினால் 2023 முழுக்க வரியில்லாத வருடமாகிவிடும். 15 என்று நிரப்பினால் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் மாட்டுவீர்கள்: 2022 ஜூனில் 12, அதற்கு முன் 2019 டிசம்பரிலிருந்து 8. திகதி வாரியாக வீத அட்டவணை ஒன்றை வைத்து இணைப்பதுதான் வழி. அதையும் மூலத் தரவில் செய்யாமல் அதற்கு மேலுள்ள அடுக்கில் செய்யுங்கள்.

பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க் என்ற இயந்திரத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஸ்கீமாக்களை (நிரல் பெயர், வகைப் பட்டியல்களை) ஒன்றுசேர்க்கும் மெர்ஜ்ஸ்கீமா 1.5 பதிப்பிலிருந்து இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. பழையதும் புதியதுமான கோப்புகளை ஒன்றாக வாசித்தால் புதிய நிரல் சில வேளை கண்ணிலேயே படாது. டக்டிபியில் இதற்கு யூனியன்_பை_நேம் என்ற தெரிவு உண்டு.

வகை மாற்றத்தில் தொலைவது

தேசிய அடையாள அட்டை இலக்கம் இதற்கு நம் ஊர் உதாரணம். பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் "வி" அல்லது "எக்ஸ்" எழுத்தும்; 2016இலிருந்து வருவது 12 இலக்கம், எழுத்தே இல்லை. மாதிரிக்கு எடுத்த கோப்பில் இளவயது வாடிக்கையாளர்கள் மட்டும் இருந்தால் கருவி "இது முழு எண்" என்று முடிவெடுக்கும். அப்புறம் பழைய இலக்கங்கள் வரும்போது, ஸ்பார்க்கின் சிஎஸ்வி வாசிப்பான் இயல்பான பெர்மிஸிவ் (விட்டுக்கொடுக்கும்) நிலையில் அவற்றை நல் ஆக்கிவிட்டுச் சத்தமில்லாமல் அடுத்த நிரைக்குப் போகும். நல் வந்தவர்கள் எல்லாரும் வயதில் மூத்தவர்கள் என்று தெரிந்தால் காரணம் கையில் கிடைத்த மாதிரி.

பைதன் நூலகமான பாண்டாஸில் வேறு விளையாட்டு. 12 இலக்க நிரலில் ஒரே ஒரு மதிப்பு இல்லாமல் போனாலும் நிரல் முழுக்கத் தசம எண்ணாகி, ஒவ்வொன்றின் வாலிலும் ".0" ஒட்டிக்கொள்ளும். அதை எழுத்துச் சரமாக்கி இன்னோர் அட்டவணையோடு லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க நிரைகள் எல்லாவற்றையும் வைத்திருக்கும் இணைப்பு) செய்தால் ஒன்றும் பொருந்தாது, வலப்பக்கம் முழுக்க நல். அடையாள இலக்கம், தொலைபேசி எண், கணக்கு எண் எதுவும் கணக்குப் போடுவதற்கான எண் அல்ல. எழுத்துச் சரமாகவே அறிவியுங்கள்.

திகதியிலும் இதே கதை. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்க வடிவம் மாதத்தை முன்னால் எதிர்பார்க்கும். 14/04/2024 என்ற நாளின் விற்பனை, ட்ரை_டு_டேட் போன்ற செயற்கூறில் பதினான்காம் மாதம் இல்லாததால் நல் ஆகும். 05/04/2024 பிழையில்லாமல் மே 4 ஆகிவிடும். ஒவ்வொரு மாதமும் 12ஆம் திகதிவரை மதிப்பு, 13இலிருந்து நல் என்றால் இதுதான் நோய். 365 நாளில் 221 நாள் நல் ஆகும். மிச்சம் 144இல், நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ள 12 தவிர எல்லாம் தவறான திகதி. நல் வந்த நிரைகளை மட்டும் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

வினவலில் காஸ்ட் (வகை மாற்றம்) செய்யும்போது மாற்ற முடியாததைச் சத்தமில்லாமல் நல் ஆக்கும் பழக்கத்தை ஸ்பார்க் 4.0 கைவிட்டுவிட்டது, 2025இல் வந்த அந்தப் பதிப்பில் ஏஎன்எஸ்ஐ நிலை (கண்டிப்பான எஸ்கியூஎல் விதிகள்) இயல்பாகவே இயங்குகிறது, தவறான காஸ்ட் பிழையாக நிற்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் நல்லதுதான்.

வினவலின் பங்கு

கோப்பும் பொருத்தமும் சரி என்றால்தான் வினவலுக்கு வரவேண்டும். யூடிசி (உலகப் பொது நேரம்) இங்கே அதிகம் ஏமாற்றும். கொழும்பு யூடிசியைவிட ஐந்தரை மணிநேரம் முன்னால். திங்கள் அதிகாலை 2 மணிக்கு வந்த இணைய ஆர்டர் யூடிசியில் ஞாயிறு இரவு 8.30. அதை நாணய மாற்று வீத அட்டவணையோடு திகதியால் இணைத்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு வீதம் இல்லாததால் நல். இணைப்பதற்கு முன் நேரத்தை ஏசியா/கொழும்பு வலயத்துக்கு மாற்றுங்கள். ஐந்தரை மணியைக் கையால் கூட்டாதீர்கள். 1996இலிருந்து 2006 வரை நம் கடிகாரம் வேறு வேறு அளவில் ஓடியது பழைய தரவில் இன்னும் இருக்கிறது.

பிரிவு நிரல்களையும் கவனியுங்கள். கோப்புறைப் பெயரில் "திகதி=" என்று வரும் மதிப்பு கோப்புக்குள் பெரும்பாலும் இருக்காது. ஒரு கோப்பை மட்டும் தனியே எடுத்து ஏற்றினால் அந்த நிரல் நல்லாகத்தான் வரும், கோப்பில் குறையில்லை.

கவுன்ட்டுக்குள் நட்சத்திரம் போட்டால் நிரைகளை எண்ணும், நிரல் பெயர் போட்டால் நல் அல்லாதவற்றை மட்டும் எண்ணும். இரண்டையும் ஒரே வரியில் போட்டுப் பாருங்கள். நல், வெற்றுச் சரம், நேன் (எண் அல்லாதது) மூன்றும் வேறு வேறு என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரக்கிள் தரவுத்தளம் வெற்றுச் சரத்தை நல் என்றே எடுக்கும். போஸ்ட்கிரெஸ் அப்படி எடுக்காது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிவந்த தரவில் இந்தக் குழப்பம் நிச்சயம் இருக்கும்.

கடைசியில் கோப்பே வெறுமை என்று தெரிந்தால், அனுப்பிய குழுவுக்கு "டேட்டா வருதில்ல" என்று மட்டும் எழுதாதீர்கள். கோப்பின் முழுப் பாதை, நிரல் பெயர் அடிக்குறிப்பில் இருக்கிறபடி, நல் எண்ணிக்கையும் மொத்த எண்ணிக்கையும், கடைசியாக ஒழுங்காக வந்த கோப்பின் திகதி, இவ்வளவையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். கூடவே உங்கள் ஏற்றும் வேலையில், ஒவ்வொரு முக்கிய நிரலின் நல் விகிதத்தையும் முந்திய நாளோடு ஒப்பிட்டு, திடீரென்று எகிறினால் வேலையை நிறுத்தும் ஒரு சோதனையைச் சேர்த்துவிடுங்கள்.