டேட்டா லாகரில் குப்பை எழுத்துகளா? மல்ட்டிமீட்டரை எடுங்கள்

சென்சார் அனுப்பும் அளவுகளை ஒயர் வழியாக வாங்கிப் பதிவு செய்யும் கருவிதான் டேட்டா லாகர். பாட் ரேட் (தரவு போகும் வேகம்) சென்சார், லாகர் இரண்டு பக்கமும் 9600தான். ஆனாலும் லாகரில் வருவதெல்லாம் புரியாத எழுத்துகள். புரோகிராமில் கைவைக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

சென்சாரின் டிஎக்ஸ் (தரவை அனுப்பும்) ஒயரை லாகரிலிருந்து கழற்றுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பை டிஎக்ஸிலும் தொடுங்கள். தரவு போகாத நேரத்தில் மைனஸ் 5, மைனஸ் 9 என்று காட்டினால் அது ஆர்எஸ்-232 வகை சிக்னல். பிளஸ் 3.3 அல்லது 5 என்றால் டிடிஎல் வகை. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் நீங்கள் தொட்டது தரவை வாங்கும் ஆர்எக்ஸாக இருக்கலாம். பக்கத்து ஒயரைப் பாருங்கள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். ஆர்எஸ்-232இல் 1 என்பது மைனஸ், டிடிஎல்லில் பிளஸ். சென்சார் ஒரு வகை, லாகர் இன்னொரு வகை என்றால் அதனால்தான் குப்பை. ஆர்எஸ்-232 சென்சாரை டிடிஎல் லாகரில் நேராக இணைத்தால் லாகரின் இணைப்பு முனை எரிந்தும் போகலாம். நடுவில் ஒரு வகையை இன்னொன்றாக மாற்றும் மேக்ஸ்3232 போர்டு போடுங்கள்; அதற்கு லாகரின் லாஜிக் வோல்ட்டேஜையே சப்ளையாகக் கொடுங்கள்.

5 வோல்ட் டிடிஎல் சென்சார், 3.3 வோல்ட் லாகர் என்றால் இரண்டு ரெசிஸ்டர் போதும்: டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் நடுப்புள்ளியில் 3.3 வோல்ட் கிடைக்கும்; அதை லாகரின் ஆர்எக்ஸில் கொடுங்கள்.

இரண்டு கருவிக்கும் கிரவுண்ட் ஒயர் சேர்ந்திருக்கிறதா? அதை விட்டுவிட்டு ஒரு முழு மாலையை நான் தொலைத்திருக்கிறேன்.