உள்ளங்கைப் புகையிலையை விடுவது எப்படி

கோயம்புத்தூரில் லேத் ஓட்டுகிறவன் நான். 17 வருடம் கீழுதட்டில் புகையிலை அதக்கிக்கொண்டே ஷிப்ட் பார்த்தவன். நடுவில் சில வருடம் பாக்கு கலந்த பொட்டலமும் உண்டு. இப்போது விட்டாயிற்று. விட நினைக்கிறவர்களுக்காக இது.

முதலில் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளங்கையில் புகையிலையைக் கொட்டி, ஒரு துளி சுண்ணாம்பு வைத்து, கட்டைவிரலால் தேய்க்கிறோமே, அது சும்மா சுருக்கென்று இருப்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் நிகோடின் உதட்டின் உள்தோல் வழியாகச் சட்டென்று ரத்தத்தில் இறங்குமாம். அது மூளைக்குப் போய் டோபமைன் என்ற இன்பம் தரும் ரசாயனத்தைக் கிளப்பிவிடுகிறது. அந்தக் 'கிர்' அதுதான். கூடவே நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தமும் ஏறும்.

தினமும் போட்டுக்கொண்டே இருந்தால், நிகோடினைப் பிடிக்கும் ஏற்பிகளை மூளை கூட்டிக்கொள்கிறது. வீட்டில் ஆள் கூடினால் உலையில் அரிசியும் கூடத்தானே வேண்டும்? ரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது எரிச்சல் வரும். சூப்பர்வைசர் திட்டியதால் டென்ஷன், அதனால் போடுகிறேன் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம் அவர். பாதி டென்ஷன் முந்தின தடவை போட்டது இறங்கியதால் வந்தது.

ஒரு வாரம் எதையும் குறைக்காமல் எண்ணுங்கள். நான் மெஷின் மூடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். முதல் நாள் 22. எந்தெந்த நேரம் கை தானாகப் போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். எனக்கு டீக்குப் பிறகு, ஜாப் செட் செய்து முடித்ததும், அப்புறம் கக்கூஸ் போகும் முன்.

இரண்டாம் மூன்றாம் நாள்தான் மோசம். அதனால் நான் பொங்கல் லீவில் நிறுத்தினேன். கோபம், தூக்கமின்மை, மலச்சிக்கல், கண்டபடி பசி எல்லாம் வந்தது. இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 'ஒன்னே ஒன்னு போடலாம்' என்ற வெறி சில நிமிடம்தான் நிற்கும். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். பழைய டப்பாவில் நான் கிராம்பு போட்டு வைத்தேன். புகையிலைக்குப் பதில் வெறும் பாக்குக்கு மாறாதீர்கள், அதுவும் அடிமையாக்கும்.

நிகோடின் சூயிங்கம் உதவும். கண் விழித்த அரை மணிக்குள் போடுகிறவன் என்பதால் டாக்டர் எனக்கு 4 மில்லிகிராம் எழுதினார். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் தொடக்கூடாது. முதல் நாள் டீயோடு சேர்த்து மளமளவென்று மென்று, விக்கலும் குமட்டலுமாக உட்கார்ந்திருந்தேன். முறை வேறு. மெதுவாக நாலைந்து கடி, சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் (நமக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையா!). காரம் அடங்கியதும் மறுபடி கடிக்கலாம். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது. மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். பேசித் தைரியம் வாங்க 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

விட்ட பிறகும் கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரம் ஆறாத புண்ணோ இருந்தால் பல் டாக்டரிடம் போக வேண்டும். இன்னொன்று: நடு மூன்று விரலையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள், நுழைய வேண்டும். பாக்கு வாயின் உள்தோலை இறுக்கிவிடும். எனக்கு இரண்டு விரல்தான் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.